எண்ணும் அலகும்: கணினியில் எழுத்துக்கு இடம் வகுத்தல்

பௌதிகவியற் பரீட்சையில் விடையாக ‘200’ என்று மட்டும் எழுதும் மாணாக்கன் முழுப் புள்ளி பெறுவதில்லை. அஃது அடியா, மீற்றரா, இறாத்தலா என்று அறியப்படாதவிடத்து அவ்வெண்ணாற் பயன் யாதுமில்லை என்பதே காரணம். வகுப்பறையில் இவ்வழு இரண்டொரு புள்ளியை இழப்பதோடு முடிந்துவிடும். கணினிக்குச் செய்நிரல் எழுதுவோர் இதே வழுவைச் செய்யுமிடத்து, விளைவு அத்துணைச் சிறிதாயிருப்பதில்லை. எழுத்துகளை வைப்பதற்கு இடம் வகுத்த ஒருவர் ‘எத்தனை’ என்பதை நினைந்து, ‘எவை எத்தனை’ என்பதை மறந்தமையால், 2001ஆம் ஆண்டில் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் கேடுற்றன. அவ்வழு எவ்வாறு தோன்றுகின்றது என்பதும், அதனைத் தவிர்க்கும் வழி யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

கணினியின் நினைவகம் பைற்று எனப்படும் சிற்றறைகளால் ஆயது. ஒவ்வோர் அறையும் 0 முதல் 255 வரையுள்ள எண்களுள் ஒன்றைத் தாங்கும். கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஆதலின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை வரையறுத்தல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் 1963இல் வெளியிடப்பெற்றுப் பின்னர் திருத்தப்பெற்ற அஸ்கி முறை 128 எண்களைக் கொண்டது. ஆங்கில நெடுங்கணக்கும் இலக்கங்களும் நிறுத்தக் குறிகளும் அதனுள் அடங்கின. எனவே ஓரெழுத்துக்கு ஒரு பைற்றுப் போதுமானதாயிற்று.

சி என்னும் கணினி மொழியில், ஓரினத்து உறுப்புகளை வரிசையாக அடுக்கிய தொகுதிக்கு அணி என்று பெயர். 80 உறுப்புடைய எழுத்தணி 80 பைற்று இடத்தைக் கொள்ளும். அதில் 79 எழுத்துகளையே வைக்கலாம். எஞ்சிய ஓரிடம் தொடரின் முடிவைக் காட்டும் பூச்சியத்துக்கு உரியது. இங்கே உறுப்பின் தொகையும் பைற்றின் தொகையும் ஒன்றாகவே இருத்தலின், இரண்டையும் வேறுபடுத்தி நோக்கும் தேவை எழவில்லை. அத்தேவையின்மையே நாளடைவிற் பழக்கமாகிப் பின்னர் இடராய் முடிந்தது.

உலகத்து மொழிகள் அனைத்துக்கும் 128 எண்கள் எங்ஙனம் போதும்? 1991இல் வெளிவந்த யுனிக்கோட் முறை, எல்லா மொழிகளின் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வழங்க முற்பட்டது. தமிழும் அதில் இடம்பெற்றது. ஒரு குறிக்கு இரண்டு பைற்று அளித்தால் 65,536 எண்கள் கிடைக்கும். இத்தகைய பெரிய எண்ணைத் தாங்கும் உறுப்பே அகல எழுத்து எனப்படுவது. 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்ரீ இரண்டு பைற்று அகல எழுத்தைத் தன் உள்ளமைப்பிலே கைக்கொண்டது. அதனால் செய்நிரலாளர் பலர் தம் பழைய நிரல்களைப் புதிய முறைக்கு மாற்ற நேர்ந்தது.

சதுரக் கோட்டுக் கொப்பியொன்றிற் கட்டத்துக்கு ஓரெழுத்தாக எழுதிவந்த சிறுவன், இனி ஓரெழுத்தை இரண்டு கட்டங்களிற் பரப்பி எழுதவேண்டும் என்று கொள்வோம். ‘எத்தனை இடம் உளது?’ என்னும் வினாவுக்கு இப்போது விடை இரண்டு: கட்டத்தால் எண்ணினால் ஒன்று, எழுத்தால் எண்ணினால் அதிற் பாதி. செய்நிரலாளர் நிலையும் இதுவே. இம்மாற்றத்தில் அவர் கருத்தூன்ற வேண்டிய இடங்கள் மூன்று.

முதலாவது, அணியை அறிவிக்குமிடம். ஈண்டுத் தரும் எண் உறுப்பின் தொகையேயன்றிப் பைற்றின் தொகையன்று. 80 அகல எழுத்து என்று அறிவித்தால், 160 பைற்று இடத்தை மொழியே ஒதுக்கிக்கொள்ளும். ஆகவே எண்ணை இரட்டிக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது, நிரல் இயங்கும்போது நினைவகத்திலிருந்து புதிதாக இடம் கேட்டுப் பெறுமிடம். இங்கே கேட்பது பைற்றுக் கணக்கில். ‘யாழ்ப்பாணம்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம. இலக்கண முறைப்படி அஃது ஆறெழுத்து. யுனிக்கோட் முறையிலோ உயிர்மெய்யின் குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனி எண் பெறுதலின், அது 11 குறிகளாகும். முடிவுப் பூச்சியத்தையும் சேர்த்து 12 உறுப்பு. உறுப்புக்கு இரண்டாக 24 பைற்று வேண்டும். பதினொன்றை இரண்டாற் பெருக்கியபின் ஒன்றைக் கூட்டி 23 என்று கேட்போரும் உளர். பூச்சியமும் அகல எழுத்தே என்பதை அவர் மறந்தனர். முதலிற் கூட்டல், பின்னர்ப் பெருக்கல் என்பதே முறை.

மூன்றாவது இடமே பெரும் இடர்க்கு உரியது. சி மொழியில் ஒரு பொருள் கொள்ளும் இடத்தை அளந்து கூறும் சைஸ்ஒவ் என்னும் செயலி ஒன்றுண்டு. அது கூறும் விடை எப்பொழுதும் பைற்றுக் கணக்கே. எழுத்துக்கு ஒரு பைற்றாயிருந்த காலத்தில் அவ்விடையை எழுத்தின் தொகையாகக் கொள்வதில் தவறு நேரவில்லை. அகல எழுத்துக்கு மாறியபின் அவ்விடை உண்மைத் தொகையின் இருமடங்காகிவிடும்.

இதுவே 2001இல் நிகழ்ந்தது. மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் இணையச் சேவையகத்தைச் சார்ந்த சுட்டியாக்கப் பகுதியிலே 200 அகல எழுத்துகளைக் கொள்ளும் அணி ஒன்று இருந்தது. வெளியிலிருந்து வரும் தொடர் அதற்குள் அடங்குமா என்று சோதிக்கவும் அந்நிரல் தவறவில்லை. ஆயின் தொடரின் எழுத்துத் தொகையை அது சைஸ்ஒவ் கூறிய 400 என்னும் பைற்றுத் தொகையோடு ஒப்பிட்டது. எழுத்துத் தொகையைத் தாங்கிய மாறியின் பெயரிலேயே, அஃது எழுத்துக் கணக்கு என்பதற்கு அடையாளம் இடப்பட்டிருந்தது. இருந்தும் ஒப்பீட்டின் மறுபுறத்து அலகை எவரும் நோக்கிலர். எனவே 399 எழுத்துடைய தொடரும் சோதனையைக் கடந்து சென்றது. ஒவ்வோரெழுத்தும் இரண்டு பைற்றாக விரியுமிடத்து அது 798 பைற்றாகும். அதற்கென இருந்த இடமோ 400 பைற்றே. மிகுந்தவை அணியைக் கடந்து வழிந்து, அயலிலிருந்த நினைவகத்தை அழித்து எழுதின. அவ்வழியே தம் கட்டளைகளை உட்புகுத்தி இயக்கத் தீயோர்க்கு வாயில் திறந்தது.

ஜூன் 18ஆம் திகதி அந்நிறுவனம் திருத்தத்தை வெளியிட்டது. எனினும் அதனை ஏற்றுக்கொள்ளாத கணினிகள் பல. ஜூலை மாதத்தில் கோட் றெட் என்னும் புழு இவ்வாயிலாற் புகுந்து, 19ஆம் திகதி பதினான்கு மணித்தியாலத்துக்குள் 359,000க்கு மேற்பட்ட கணினிகளைத் தொற்றியது. சோதனை செய்யாமையால் வந்த கேடன்று இது; வேறு அலகில் அளந்து சோதித்தமையால் வந்த கேடு.

அங்ஙனமாயின் எங்கும் இரண்டாற் பெருக்கியும் வகுத்தும் வந்தால் போதாதோ எனின், போதாது. விண்டோசில் இரண்டு பைற்றாகிய அகல எழுத்து, லினக்ஸில் வழக்கமாக நான்கு பைற்றாகும். ஆங்கே ‘யாழ்ப்பாணம்’ 48 பைற்றுப் பெறும். மேலும் 1996இல் யுனிக்கோட் 65,536 என்னும் எல்லையைக் கடந்து விரிந்தது. அவ்வெல்லைக்கு அப்பாலுள்ள குறிக்கு, இரண்டு பைற்று உறுப்புகள் இரண்டு வேண்டும். 2019இற் சேர்க்கப்பட்ட பழந்தமிழ்ப் பின்னக் குறிகள் அவ்வினத்தன. முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரியின் குறி, விண்டோசில் இரண்டு உறுப்புகளின் இடத்தைப் பெறுகின்றது! ஆதலின் ஓர் உறுப்பு ஓரெழுத்து என்று கொள்வதும் பிழையாகும்.

பரிகாரம் எளியது. உறுப்பின் தொகை வேண்டுமிடத்து, அணி முழுவதின் பைற்றுத் தொகையை ஓர் உறுப்பின் பைற்றுத் தொகையால் வகுத்துப் பெறுதல் வேண்டும். பைற்றுத் தொகை வேண்டுமிடத்து, உறுப்பின் தொகையை ஓர் உறுப்பின் அளவாற் பெருக்குதல் வேண்டும். அவ்வளவை இரண்டு என்று கையால் எழுதாது, சைஸ்ஒவ் செயலியையே கேட்டறிதல் நன்று. அப்போது நிரல் எக்கணினிக்கு மாறினும் கணக்குப் பிழையாது. ஒவ்வொரு செயற்கூற்றும் தன்னிடம் தரப்படும் எண்ணை எவ்வலகிற் கொள்கின்றது என்பதை, அதனை அழைக்குமுன் அறிதலும் இன்றியமையாதது. நினைவகத்தைப் பெயர்த்தெழுதுவன பைற்றைக் கேட்கும். அகல எழுத்துத் தொடரைக் கையாள்வன பெரும்பாலும் உறுப்பைக் கேட்கும்.

விடைத்தாளில் அலகை எழுதாத மாணாக்கனைத் திருத்தும் ஆசிரியர், அது வெறும் சம்பிரதாயமன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேட வேண்டுவதில்லை. இருநூறும் நானூறும் தம்மளவிற் சரியான எண்களே. அவற்றை ஒரே தராசில் இட்டமையே தவறு.