மின்கிட்டாரின் பிக்கப் மூடி

மின்கிட்டாரின் உடலில் தந்திகளுக்கு நேர் கீழே பதிக்கப்பட்டிருக்கும் பிக்கப் என்னும் உறுப்பு, காற்றில் பரவும் ஒலியைப் பிடிப்பதில்லை. எஃகுத் தந்தியின் அசைவையே அது மின்சாரமாக மாற்றுகிறது. நிலைக்காந்தத்தைச் சுற்றி, சுமார் 0.06 மில்லிமீட்டர் தடிமனே உள்ள இனாமல் பூசிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாற, 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலின்படி அந்தக் கம்பிச்சுருளில் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. இத்தனை மென்மையான கம்பியை வியர்வையிலிருந்தும் தூசியிலிருந்தும் காப்பதற்காகவே மேலே ஒரு மூடி பொருத்தப்படுகிறது. வீட்டிலேயே எளிதாக மாற்றக்கூடிய அலங்காரப் பொருளாகவே அது பெரும்பாலும் பார்க்கப்பட்டாலும், உலோக மூடியாக இருக்கும்போது அது மின்சுற்றின் ஓர் அங்கமாகிவிடுகிறது.

கம்பிச்சுருள் தந்தியின் அசைவை மட்டும் வாங்கிக்கொள்வதில்லை. அருகிலுள்ள டிரான்ஸ்ஃபார்மர், குழல்விளக்கு முதலியவற்றின் இரைச்சலையும் சேர்த்தே வாங்குகிறது. இதற்குத் தீர்வாக அமெரிக்காவின் கிப்சன் நிறுவனப் பொறியாளர் சேத் லவர், எதிரெதிர்த் திசையில் இணைந்த இரண்டு சுருள்களையும் எதிரெதிர்க் காந்த முனைகளையும் கொண்ட ஹம்பக்கர் என்னும் பிக்கப்பை வடிவமைத்து 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1957 முதல் அது கிட்டார்களில் இடம்பெற்றது. வெளியிலிருந்து வரும் ரீங்காரம் இரு சுருள்களிலும் எதிரெதிராக அமைந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, தந்தியின் சமிக்ஞை மட்டும் கூடிக்கொள்கிறது. எனினும் மின்புலம் வழியாக வரும் இரைச்சலை இந்த ஏற்பாடு தடுக்காது என்பதால், சுருள்களின் மேல் உலோக மூடி ஒன்றைக் கவிழ்த்து அதைப் புவியிணைப்புடன் சேர்க்க வேண்டியதாயிற்று.

அந்த மூடிக்கு எந்த உலோகம் என்பதில்தான் உண்மையான சிக்கல் இருந்தது. மாறும் காந்தப்புலத்தில் வைக்கப்படும் எந்த உலோகத் தகட்டிலும் சுழல் மின்னோட்டம் எனப்படும் சிறு மின்சுழிகள் தோன்றி, அவற்றைத் தோற்றுவித்த மாற்றத்தையே எதிர்க்கின்றன. அதிர்வெண் கூடக்கூட இந்த எதிர்ப்பும் வலுப்பதால், ஒலியின் உச்சப் பகுதி மங்கிவிடுகிறது. மின்சாரத்தை நன்கு கடத்தும் உலோகம் இங்கு வேண்டாத உலோகம். மின்தடை மிகுந்த எவர்சில்வரையே லவர் முதலில் விரும்பினார். ஆனால் மூடியைப் பிணைக்கும் சால்டர் (பற்றாசு) அதில் எளிதில் பிடிக்காது என்பதால் ஜெர்மன் சில்வருக்கு மாறினார். பூஜைப் பாத்திரக் கடைகளின் வழியே தமிழருக்கு நன்கு அறிமுகமான அந்தக் கலப்புலோகம், பெயரில் வெள்ளி இருந்தாலும், செம்பும் நிக்கலும் துத்தநாகமும் மட்டுமே கலந்தது; அதன் மின்தடை பித்தளையினுடையதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. மலிவான மாற்று மூடிகள் பலவும் பித்தளையில் செய்து குரோமியமோ தங்கமோ முலாம் பூசியவை என்பதால், பளபளப்பை மட்டும் பார்த்து வாங்குபவர் தம் கிட்டாரின் குரல் அடைத்துப்போனது போல ஒலிப்பதைக் கேட்டுக் குழம்ப நேரிடும்.

1960களில் பிரிட்டனின் புளூஸ் இசைக் கலைஞர்கள் பலர் மூடியைக் கழற்றிவிட்டு வாசித்ததும், அதனால் ஒலி பெரிதாகத் திறந்துகொள்வதாகப் பரவிய நம்பிக்கையும் இதனோடு தொடர்புடையவை. தடித்த பித்தளை மூடியைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கையில் நியாயம் உண்டு. மெல்லிய ஜெர்மன் சில்வர் மூடியை எடுப்பதால் வரும் வேறுபாடோ மிகச் சிறியது, கேட்பவரைவிட வாசிப்பவருக்கே அது அதிகம் கேட்கிறது என்று சொல்லலாம்.

புதிய மூடியை வாங்குமுன், முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் உரிய திருகுத் துளைகளின் இடைவெளியை, மையத்திலிருந்து மையத்துக்கு அளக்க வேண்டும். கிப்சன் மரபில் இது 49 மில்லிமீட்டரை ஒட்டியும், ஃபெண்டர் கிட்டார்களுக்கேற்ற அகலமான ஹம்பக்கர்களில் 52, 53 மில்லிமீட்டராகவும் இருப்பதால், கண்ணளவில் ஒன்றுபோலத் தோன்றும் மூடி பொருந்தாமல் போகக்கூடும். பிறகு மல்டிமீட்டரால் சுருளின் மின்தடையைக் குறித்துவைப்பது அவசியம். பழைய பாணி ஹம்பக்கரில் அது பொதுவாக 7000 முதல் 9000 ஓம் வரை இருக்கும். வேலை முடிந்த பின் அளவே காட்டாவிட்டால் கம்பி எங்கோ அறுந்துவிட்டது என்று பொருள்.

மூடியைப் பிக்கப்பின் அடித்தகட்டோடு பிணைப்பவை பக்கத்துக்கு ஒன்றாக உள்ள இரண்டு சால்டர் திட்டுகள் மட்டுமே. பழைய திட்டை உருக்கி உறிஞ்சியோ மெல்லிய அலகால் அறுத்தோ நீக்கலாம். அலகு உள்ளே வழுக்கினால் சுருள் போயிற்று. புதிய மூடியின் உட்புறத்தில் காப்பு நாடாவை ஒட்டி, பிக்கப்பின் மேல் கவிழ்த்து, இடைவெளி இல்லாதபடி இடுக்கியால் அழுத்திப் பிடித்து, சால்டர் விழும் இடங்களில் முலாமைச் சுரண்டிவிட வேண்டும். குரோமியத்தின் மேல் சால்டர் பந்துபோல் உருண்டு ஓடுமே தவிர ஒட்டாது. இந்த வேலைக்குக் குறைந்த வாட் சால்டரிங் கருவியே பாதுகாப்பானது என்று தோன்றினாலும் உண்மை அதற்கு நேர்மாறானது: சிறிய முனை நெடுநேரம் அழுத்தப்படுவதால் வெப்பம் அடித்தகடு முழுதும் பரவி, கம்பி சுற்றப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் பாபினை வளைத்துவிட, 60 வாட்டுக்கு மேற்பட்ட, அகன்ற முனையுள்ள கருவியோ சில வினாடிகளில் வேலையை முடித்துவிடுகிறது. மூடிக்கும் புவியிணைப்புக் கம்பிக்கும் இடையே மின்தடை ஏறத்தாழச் சுழியமாக இருந்தால் இணைப்பு சரி. இணைப்பு இல்லாத மூடி இரைச்சலைத் தடுப்பதற்குப் பதிலாக அதைச் சுருளுக்குக் கடத்திவிடும்.

மூடிக்கும் சுருளுக்கும் இடையே எஞ்சும் காற்றிடைவெளி வேறொரு தொல்லையைத் தருகிறது. ஒலிபெருக்கியின் அதிர்வில் மூடியும் அதிர, பிக்கப் ஒலிவாங்கிபோல் செயல்பட்டு கீச்சென்று கத்தத் தொடங்கும். அந்த இடைவெளியை மெழுகால் நிரப்புவதே இதற்குத் தீர்வு என்றாலும், 1950களின் கிப்சன் பிக்கப்புகள் மெழுகேற்றப்படாமலே வந்தன. பிற்காலத்தில் ஒலிபெருக்கிகளின் சத்தம் கூடியபோது மெழுகேற்றம் வழக்கமாயிற்று. பாரஃபினோடு ஐந்தில் ஒரு பங்கு தேன்மெழுகு சேர்த்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த மற்றொரு பாத்திரத்தில் உருக்கி, ஏறத்தாழ 65 பாகை செல்சியசைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, குமிழி வருவது நிற்கும்வரை பிக்கப்பைத் தோய்த்து வைப்பர். நேரடித் தீயில் மெழுகை வைப்பது விபத்துக்கு வழி.

1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பிளாஸ்டிக் மூடிகளுக்கு இத்தனை பாடு இல்லை. தந்திகளைத் தளர்த்தி, முன்தகட்டைத் திருகு நீக்கித் தூக்கி, பக்கத் திருகுகள் இரண்டைக் கழற்றினால் மூடி கையோடு வந்துவிடும். பழைய ஃபெண்டர் பிக்கப்புகளில் பாபின் என்று தனியாக எதுவும் இன்றிக் காந்தத் தண்டுகளின் மேலேயே கம்பி சுற்றப்பட்டிருப்பதால், மூடியை இழுக்கும் வேகத்தில் கம்பி அறுந்துவிடும் அபாயம் மட்டும் உண்டு.

நிறம் மாற்ற விரும்புவோர், மூடியைப் பிக்கப்பிலிருந்து பிரித்தெடுத்த பிறகே எதையும் தொடங்க வேண்டும். பிளாஸ்டிக் மூடியை 400, 600 எண் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்து, பிளாஸ்டிக்குக்குரிய பிரைமர் அடித்து, மெல்லிய பூச்சுகளாகப் பெயின்ட்டைத் தெளிக்கலாம். அசிட்டோனால் துடைத்தால் ஏபிஎஸ் பிளாஸ்டிக் கரைந்துவிடும். புதிய மூடியைப் பழையதாகக் காட்டும் ஆசைக்கு நிக்கல் முலாமே இடம் கொடுக்கும், ஏனெனில் காடியின் ஆவியிலும் அது மங்கும். குரோமியம் எளிதில் மங்காது. குரோமிய முலாமை வீட்டில் பூச முயல்வது புற்றுநோய் விளைவிக்கும் வேதிப்பொருள்களோடு விளையாடுவதாகும், அதைத் தொழிற்கூடங்களிடம் விட்டுவிடுவதே முறை. எஃகுக் கம்பளியால் தேய்க்கும் வழக்கமும் ஆபத்தானது. அதன் நுண்துகள்களைக் காந்தம் இழுத்துக்கொள்ள, அவை சுருளுக்குள் புகுந்து காப்புப் பூச்சைக் கிழிக்கின்றன.

மூடி ஏறியதும் சுருள் தந்தியிலிருந்து மூடியின் தடிமன் அளவுக்கு விலகிவிடுவதால், உயரத் திருகுகளைத் திரும்ப அமைக்க வேண்டும். கழுத்தின் கடைசி மெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்த நிலையில், கழுத்துப் பக்கப் பிக்கப்புக்கு 2.4 மில்லிமீட்டரும் பாலத்துப் பக்கத்துக்கு 1.6 மில்லிமீட்டரும் தொடக்க அளவாகக் கொள்ளப்படுகின்றன. அதற்குமேல் ஏற்றுவதும் இறக்குவதும் வாசிப்பவரின் காதைப் பொறுத்தது.