முழங்கால் வலியும் எலும்புப் புற்றும்

மாட்டுப்பட்டித் தோட்டக் குடியிருப்புகளில் ஓடியாடும் பிள்ளைக்கு முழங்கால் வலித்தால், எங்கேனும் விழுந்திருப்பான் என்று எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது நம் வழக்கம். பெரும்பாலும் அவ்வலி தானே தீர்ந்துவிடும். ஆயினும் சில வாரங்கள் கடந்தும் நீங்காது, இரவில் மிகுந்து, முழங்காலை அடுத்து வீக்கமும் தோன்றுமாயின், நீவுவதை அன்றே நிறுத்தி எக்ஸ்-ரே படம் எடுத்தல் வேண்டும். வளரும் பருவத்தினரைப் பற்றும் ஆஸ்டியோசர்கோமா என்னும் எலும்புப் புற்று இவ்வாறுதான் தலைகாட்டும். இஃது அரிய நோயே; ஆனால் காலந்தாழ்த்தின் நுரையீரலுக்குப் பரவி உயிரைக் குடிக்கும்.

முன்னாளில் காலை வெட்டி எடுப்பதொன்றே சிகிச்சை. அதன் பின்னும் ஐவரில் ஒருவரே பிழைத்தனர்; கண்ணுக்குப் புலப்படாத நோயணுக்கள் முன்னரே நுரையீரலை அடைந்திருந்தமையே காரணம். கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ் 1977-இல், தம் 18-ஆம் வயதில், இந்நோயால் வலக்காலை இழந்தார். 1980-இல் செயற்கைக் காலுடன் 143 நாட்கள் ஓடிப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினார். நோய் நுரையீரலில் தோன்றவே, 1981-இல் மறைந்தார்.

இன்று நிலைமை மாறியுள்ளது. அறுவைக்கு முன்னும் பின்னும் கீமோதெரபி மருந்து செலுத்துகின்றனர். நோய் பரவுமுன் வந்து, சிகிச்சையை இடையில் நிறுத்தாது முடிப்போரில், ஏறத்தாழப் பத்தில் ஆறு பேர் ஐந்தாண்டு கடந்தும் வாழ்கின்றனர். பரவிய பின் வருவோரிலோ இருவர் மூவரே. பலருக்குக் காலையும் இழக்க வேண்டுவதில்லை. நோயுற்ற எலும்பை மட்டும் நீக்கி உலோக எலும்பு பொருத்துகின்றனர். சென்னையில் இத்துறையில் பெயர் பெற்ற டாக்டர் மயில்வாகனன் நடராஜனுக்கு 2007-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சதைத்துணுக்கு எடுத்துச் சோதிப்பதையும் அறுவை நடக்கவிருக்கும் மருத்துவமனையிலேயே செய்துகொள்வது நன்று. தகாத இடத்தில் கத்தி பட்டால் காலைக் காப்பது அரிதாகும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தோற்றுவித்த அடையாறு புற்றுநோய் நிலையமும், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமும் நமக்கு எட்டாத் தொலைவில் இல்லை. நம் இடுக்கி மாவட்டத்தில் இரயில் நிலையம் இல்லையெனினும், மலையிறங்கினால் 2023 முதல் போடியிலிருந்தே சென்னைக்கு வண்டி உண்டு. மருத்துவமனைச் சான்று காட்டினால் நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணச் சலுகையும் உண்டு. பயணச்சீட்டு அலுவலில் இருக்கும் நம் போன்றோரிடம் தயங்காது கேளுங்கள்.

வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பதை, மாட்டுப்பட்டி அணையை நாள்தோறும் காணும் நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.