சூரியனின் அடுக்குகள்: வெப்பமும் அடர்த்தியும்

சூரியன் ஏறத்தாழ 6,96,000 கிலோமீட்டர் ஆரம் கொண்ட வாயுக்கோளம். அதன் மையத்திலிருந்து வெளியே வர வர அடர்த்தி குறைந்துகொண்டே போகிறது. வெப்பநிலை அப்படியல்ல. மேற்பரப்பு வரை குறைந்து, அதைத் தாண்டியதும் மறுபடி ஏறுகிறது.

ஆரத்தின் கால் பங்குவரை உள்ளகம். சூரியனின் கொள்ளளவில் இது 2 விழுக்காடுகூட இல்லை. ஆனால் மொத்த நிறையில் ஏறக்குறைய பாதி இங்கேதான் இருக்கிறது. மையத்தில் வெப்பநிலை சுமார் 1.5 கோடி டிகிரி செல்சியஸ். அடர்த்தி தண்ணீரைப்போல் 150 மடங்கு, அதாவது ஈயத்தைப்போல் 13 மடங்கு. இத்தனை நெருக்கத்திலும் அந்தப் பொருள் வாயுவைப் போலவே நடந்துகொள்கிறது. ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாவதால் பிறக்கும் ஆற்றலே சூரிய ஒளியின் மூலம்.

உள்ளகத்தைச் சூழ்ந்திருப்பது கதிர்வீச்சு மண்டலம். இங்கே ஒளி நேராக வெளியேற முடியாது. துகள்களால் உறிஞ்சப்பட்டு, மீண்டும் உமிழப்பட்டு, திசை மாறி மாறி அலைகிறது. வெளியே வர அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. இம்மண்டலத்தின் வெளி விளிம்பில் வெப்பநிலை 20 லட்சம் டிகிரியாகவும், அடர்த்தி தண்ணீரின் ஐந்தில் ஒரு பங்காகவும் இறங்கிவிடுகின்றன. அதற்கு மேலே, சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் தடிமனுள்ள வெப்பச்சலன மண்டலத்தில் சூடான வாயு மேலெழுந்து, ஆறி, கீழிறங்குகிறது.

கண்ணுக்குத் தெரியும் சூரியன் ஒளிமண்டலம். வெப்பநிலை சுமார் 5,500 டிகிரி. அடர்த்தியோ நாம் சுவாசிக்கும் காற்றின் அடர்த்தியில் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான். இதிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை 4,100 டிகிரி அளவுக்குக் குறைகிறது. அங்கிருந்துதான் ஏற்றம் தொடங்குகிறது. நிறமண்டலத்தில் மெல்ல உயர்ந்து, மிக மெல்லிய இடைப்பகுதி ஒன்றில் திடீரெனத் தாவி, வெளியடுக்கான கொரோனாவில் 10 லட்சம் டிகிரியைக் கடக்கிறது.

கொரோனாவின் வெப்பம் தெரியவந்தது ஒரு பச்சைக் கோட்டால். 1869-ம் ஆண்டு முழுச் சூரிய கிரகணத்தின்போது கொரோனாவின் நிறமாலையில் அக்கோடு தென்பட்டது. அறிந்த எந்தத் தனிமத்தோடும் அது பொருந்தாததால், ‘கொரோனியம்’ என்ற புதுத் தனிமம் இருப்பதாகக் கருதினார்கள். சுமார் 70 ஆண்டுகளுக்குப் பிறகு ஜெர்மனியின் வால்டர் குரோட்ரியன், சுவீடனின் பெங்ட் எட்லென் ஆகியோரின் ஆய்வுகள் உண்மையை வெளிக்கொணர்ந்தன. அது 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பின் கோடு. இரும்பு அந்த நிலையை அடைய 10 லட்சம் டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும்.

வெப்பநிலை என்பது துகள்களின் வேகத்தைக் குறிக்கும் அளவு. ஒரு பொருள் எவ்வளவு வெப்பத்தைத் தரும் என்பது துகள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. கம்பி மத்தாப்பின் பொறி கொதிநீரைவிடப் பல மடங்கு சூடானது. ஆனாலும் கையில் பட்டால் சுருக்கென்பதோடு சரி. கொரோனாவின் அடர்த்தி ஒளிமண்டலத்தின் அடர்த்தியில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால்தான் கொரோனாவுக்குள் புகுந்த நாசாவின் பார்க்கர் விண்கலத்துக்கு சுமார் 1,400 டிகிரி தாங்கும் கரிமக் கவசமே போதுமானதாயிற்று. அந்தக் கவசத்தைச் சுடுவதும் பெரும்பாலும் சூரிய ஒளிதான்.

பூமியின் வளிமண்டலத்திலும் இதே போக்கு உண்டு. கீழடுக்கில் கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி வீதம் குறையும் வெப்பநிலை, மீள் அடுக்கில் ஓசோன் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சுவதால் உயர்கிறது. இடையடுக்கில் மைனஸ் 90 டிகிரி வரை இறங்கி, வெப்ப அடுக்கில் 1,000 டிகிரியைத் தாண்டவும் செய்கிறது. அடர்த்தி மட்டும் தொடர்ந்து குறைகிறது. வெப்ப அடுக்கில் காற்று அவ்வளவு அரிதாக இருப்பதால், அங்கே வைத்த சாதாரண வெப்பமானி அந்த 1,000 டிகிரியைக் காட்டாது.

பூமியின் மேலடுக்குகளைச் சூடாக்குவது சூரியக் கதிர்கள். கொரோனாவைச் சூடாக்குவது சூரியனின் காந்தப்புலம். காந்த அலைகளுக்கும் எண்ணற்ற சிறு வெடிப்புகளுக்கும் இதில் எவ்வளவு பங்கு என்பது இன்றும் ஆய்வில் உள்ளது. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலமும், இரும்பின் அந்தப் பச்சைக் கோட்டைக் கொண்டே கொரோனாவை ஆராய்கிறது.