பாதி நேரம் போர்ச்சுகீஸ், பாதி நேரம் ஆங்கிலம்

பிரேசில் மாணவி ஒருத்தி வீடியோ அழைப்பில் தன் வயதைச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "ஐ ஹேவ் ட்வென்டி இயர்ஸ்." போர்ச்சுகீசில் அப்படித்தான் சொல்வார்கள். எதிர்முனையில் இருக்கும் அமெரிக்க மாணவன் குறுக்கிடவில்லை. சாட் பெட்டியில் 'ஐ ஆம் ட்வென்டி' என்று தட்டிவிட்டு, கதை கேட்டுக்கொண்டிருக்கிறான். அவள் ஓரக்கண்ணால் பார்த்துத் திருத்திக்கொண்டு மேலே போகிறாள். பேச்சும் அறுபடவில்லை, முகமும் வாடவில்லை.

இரு நாட்டு மாணவர்கள் வீடியோவில் தத்தம் மொழியை ஒருவருக்கொருவர் கற்றுத்தரும் 'டெலிடான்டெம்' முறையில் இது சகஜம். சாவோ பாலோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜோவாவோ டெல்லெஸ் 2006-ல் தொடங்கிவைத்த திட்டம். பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம் இருக்கும் அசிஸ், சாவோ பாலோ நகரிலிருந்து 400 கிலோமீட்டருக்கும் அப்பால். அங்கே ஆங்கிலம் படிப்பவருக்குப் பேச வெளிநாட்டார் எங்கே கிடைப்பார்கள்? ஸ்கைப் போன்ற மென்பொருள்கள் அந்தக் குறையைத் தீர்த்தன. பாதி நேரம் ஒரு மொழி, பாதி நேரம் மற்றது. இரண்டையும் கலக்கக் கூடாது. காசு பணம் கிடையாது, கற்றுக்கொடுப்பதற்குக் கற்றுக்கொள்வதே கூலி.

வீடியோதான் நிஜப் பேச்சு, எழுத்து அதற்கு ஒரு படி கீழே என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு படித்த மாணவர்களை ஒரே அறையில் கணினி முன் உட்காரவைத்து, தட்டச்சிலேயே உரையாடவிட்டார் ஆய்வாளர் ரிச்சர்ட் கெர்ன். 1995-ல் வெளியான அந்த ஆய்வில், வாய்ப்பேச்சு வகுப்பைவிட இரண்டு முதல் மூன்றரை மடங்கு அதிக முறை அவர்கள் பேச்சில் கலந்துகொண்டது தெரிந்தது. இலக்கணம் கொஞ்சம் தள்ளாடத்தான் செய்தது. போகட்டும், வாயே திறக்காதவர்கள் அல்லவா பேசினார்கள்!

தட்டச்சு செய்யும்போது யோசிக்க நேரம் கிடைக்கிறது; வீடியோவில் அந்த அவகாசம் இல்லை. ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க, தாய்மொழிப் பேச்சில் சராசரியாக ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகிறது. புதிதாகக் கற்பவர் வினைச்சொல்லைத் தேடவே அதைவிட நேரம் வேண்டும். இணையத் தாமதமும் சேர்ந்தால், 'சரி, முடித்துவிட்டார்' என்று எதிராளி ஆரம்பித்துவிடுவார். இவருக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. புரிந்த தலையாட்டல் எது, புரியாதது எது என்று கேமரா காட்டிக்கொடுக்காது.

ஆகவே வீடியோ, சாட் இரண்டும் ஒரே திரையில் வேண்டும். செல்போனில் சாட்டைத் திறந்தால் பெரும்பாலும் முகம் மறைந்துவிடும். முடிந்தவர்கள் லேப்டாப்பில் உட்காருவதே மேல்; அழைப்பைத் துண்டிக்கும் முன் பெட்டியில் விழுந்த திருத்தங்களை நோட்டில் எழுதிக்கொள்ளவும் வசதி.