ஆறு கப்பலுக்குப் போட்ட கணக்கு, ஐந்து கப்பலுக்கே கூடிப்போனது ஏன்?

2024 ஆகஸ்ட் 25. ஜொகூர், கோத்தா திங்கி அருகே கடலில் அரச மலேசியக் கடற்படையின் கே.டி. பெண்டேகார் கப்பலுக்குள் நீர் புகுந்தது. இயந்திர அறையில் தொடங்கிய கசிவைக் கட்டுப்படுத்த முடியாமல் கப்பல் மூழ்கியது. அதிலிருந்த 39 பேரும் உயிருடன் மீட்கப்பட்டனர்.

கடலடியில் இருந்த ஏதோ ஒரு பொருளில் கப்பல் மோதியிருக்கலாம் என்று முதற்கட்டத் தகவல் கூறியது. எனவே விபத்துக்குக் கப்பலின் வயதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அந்த வயதே அப்போது பெரிய செய்தியானது. ஸ்வீடனில் கட்டப்பட்ட பெண்டேகார், சேவைக்கு வந்தது 1979ஆம் ஆண்டில். மூழ்கியபோது அதற்கு வயது 45. அதில் பணிபுரிந்த இளைஞர்களில் பலர் பிறப்பதற்கு முன்பே அது கடலில் ஓடிக்கொண்டிருந்தது.

இவ்வளவு பழைய கப்பலை ஏன் இன்னும் ஓட்ட வேண்டியிருக்கிறது? மக்கள் வரிப்பணம் எங்கே போனது?

பதினைந்து வகைக் கப்பல்கள்

கடற்படையின் பாதிக்கும் மேற்பட்ட கப்பல்கள் ஆயுட்காலத்தைக் கடந்துவிட்டன என்பதைக் கடற்படைத் தலைமையே ஒப்புக்கொண்டுள்ளது. இன்னொரு சிக்கலும் உண்டு. இத்தாலி, ஜெர்மனி, பிரிட்டன், ஸ்வீடன் என்று வெவ்வேறு நாடுகளிலும் காலங்களிலும் வாங்கியதால், ஏறத்தாழ 50 கப்பல்கள் 15 வகைகளாகப் பிரிந்து கிடந்தன. ஒரு கப்பலின் உதிரிப்பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஒன்றில் பயிற்சி பெற்றவர் மற்றொன்றில் புதிதாகக் கற்க வேண்டும்.

ஒரு லாரி கம்பெனியில் பதினைந்து வகை லாரிகள் இருந்தால் பட்டறைச் செலவு என்னவாகும் என்று எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். இதைச் சரிசெய்யத்தான் 15 வகையை 5 வகையாகக் குறைக்கும் திட்டத்தைக் கடற்படை வகுத்தது. அந்த ஐந்தில் முக்கியமானது எல்.சி.எஸ். எனப்படும் கடலோரப் போர்க்கப்பல்.

பழைய கப்பலையே வாங்கினால் என்ன?

பெரிய நாடுகள் தங்கள் போர்க்கப்பல்களை 25, 30 ஆண்டுகளில் ஓய்வுக்கு அனுப்புகின்றன. உடைத்து இரும்பாக்குவதைவிட, நட்பு நாடுகளுக்குக் குறைந்த விலைக்கோ இனாமாகவோ கொடுத்துவிடுவது அவர்களுக்கு நல்லது. நட்பும் வளரும், உதிரிப்பாக வியாபாரமும் தொடரும்.

மலேசியாவுக்கு இது புதிதல்ல. கே.டி. ஹங் துவா முதலில் கானா நாட்டுக்காகப் பிரிட்டனில் கட்டப்பட்டது. அங்கு ஆட்சி கவிழ்ந்ததும் வாங்க ஆளில்லாமல் நின்றது. பிறகு பிரிட்டிஷ் கடற்படையில் சில காலம் இருந்து, 1977இல் மலேசியாவுக்கு வந்தது. 2018 வரை சேவையில் இருந்தது. இது போட்ட காசுக்கு உழைத்த கப்பல்.

எல்லாக் கப்பலுக்கும் அந்த யோகம் வாய்ப்பதில்லை. 1990களில் அமெரிக்காவிடமிருந்து வாங்கிய கே.டி. ஸ்ரீ இந்தராபுரா, படைவீரர்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் பெரிய கப்பல். 1971 முதல் அமெரிக்கக் கடற்படையில் ஓடியது. 2009இல் லூமுட்டில் தீப்பிடித்து எரிந்தபின் அது சேவைக்குத் திரும்பவே இல்லை.

அண்டை நாடான இந்தோனேசியாவின் அனுபவம் இன்னும் கசப்பானது. 1990களின் தொடக்கத்தில், பழைய கிழக்கு ஜெர்மனியின் 39 போர்க்கப்பல்களை அது வாங்கியது. விலை சுமார் 1.27 கோடி அமெரிக்க டாலர் மட்டுமே. ஆனால் அவற்றைச் செப்பனிட்டு, துறைமுக வசதி செய்து ஓடவைக்க 100 கோடி டாலருக்கும் மேல் கேட்கப்பட்டதாகச் செய்தி வெளியானது. இந்த விவகாரத்தை எழுதிய 'தெம்போ' உள்ளிட்ட மூன்று இதழ்களுக்கு 1994 ஜூனில் தடை விழுந்தது.

யானையைச் சும்மா கொடுத்தாலும் கட்டித் தீனி போட வேண்டுமே! பழைய போர்க்கப்பலும் அப்படித்தான். எரிபொருள், ஆள்பலம், கிடைக்காத உதிரிப்பாகம் என்று செலவு பின்னாலேயே வரும்.

புதிய கப்பலின் கதை

அப்படியானால் புதிதாகக் கட்டுவதுதானே வழி? கட்டத்தான் செய்தார்கள். 1998இல் கையெழுத்தான திட்டப்படி 27 ரோந்துக் கப்பல்களைக் கட்டும் நோக்கம் இருந்தது. கிடைத்தவை 6. அந்த ஆறுக்கும் 535 கோடி ரிங்கிட் என்றிருந்த செலவு 675 கோடிக்கு ஏறியதைத் தேசியத் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டிக்காட்டியது.

அடுத்து வந்தது எல்.சி.எஸ். 900 கோடி ரிங்கிட்டுக்கு ஆறு கப்பல்கள். பொது டெண்டர் இல்லாமல் நேரடிப் பேச்சுவார்த்தையில் வழங்கப்பட்ட குத்தகை. முதல் கப்பல் 2019இல் வந்திருக்க வேண்டும்.

2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு வெளியிட்ட அறிக்கை நாட்டையே திகைக்க வைத்தது. அதுவரை 608 கோடி ரிங்கிட் கொடுத்தாகிவிட்டது. ஒரு கப்பல்கூட வந்து சேரவில்லை. கடற்படை விரும்பிய வடிவமைப்பு ஒன்று, அமைச்சு தேர்ந்தெடுத்தது வேறொன்று. விவர வரைபடம் முழுமையாகும் முன்பே கட்டுமானம் தொடங்கியது. இத்திட்டத்துக்கான பணத்தில் 40 கோடி ரிங்கிட், பழைய ரோந்துக் கப்பல் திட்டத்தின் கடனை அடைக்கப் போனது. பழைய திட்டத்தின் ஓட்டையை அடைக்கப் புதிய திட்டத்தில் கைவைத்த கதை இது.

2017இலேயே கோலாகலமாக வெளியீட்டு விழா கண்ட 'மஹாராஜா லேலா' கப்பல், உண்மையில் தண்ணீரில் இறங்கியது 2024 மே மாதத்தில்தான். இடைப்பட்ட காலத்தில் லூமுட், சித்தியவான் வட்டாரத்தில் இத்திட்டத்தை நம்பியிருந்த சிறு குத்தகையாளர்கள் பாக்கிப் பணத்துக்குக் காத்திருந்தனர்.

திட்டத்தைக் கைவிட்டால் கொடுத்த பணமும் போகும், கப்பலும் கிடைக்காது. எனவே 2023இல் அரசாங்கம் தொடர முடிவு செய்து, கப்பல் பட்டறையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆறு கப்பல்கள் ஐந்தாகக் குறைந்தன. செலவோ சுமார் 1,122 கோடி ரிங்கிட்டாக உயர்ந்தது. 2026 தொடங்கி 2029க்குள் ஐந்தையும் ஒப்படைப்பது என அப்போது அட்டவணை போடப்பட்டது.

நம் கணக்கில் இது எவ்வளவு?

முதலில் ஒரு கப்பலுக்கு 150 கோடி ரிங்கிட். இப்போது ஏறத்தாழ 224 கோடி. ஒரு கப்பலில் மட்டும் கூடியது 74 கோடி. 2024 பட்ஜெட்டில் இந்தியச் சமுதாயத்துக்கான மித்ராவுக்கு ஒதுக்கப்பட்டது 10 கோடி ரிங்கிட். அதாவது, ஒரே கப்பலின் விலையேற்றம் மித்ராவின் ஏழாண்டு ஒதுக்கீட்டைவிட அதிகம். மொத்த ஏற்றமான 222 கோடி, 22 ஆண்டு ஒதுக்கீட்டுக்குச் சமம்.

இதனால் கடற்படைக்குச் செலவே செய்யக்கூடாது என்று பொருளல்ல. 2025 பட்ஜெட்டில் தற்காப்பு அமைச்சுக்குக் கிடைத்தது 2,113 கோடி ரிங்கிட். கல்விக்கு 6,410 கோடி. சுகாதாரத்துக்கு 4,530 கோடி. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஒரு விழுக்காடே தற்காப்புக்குப் போகிறது. சிங்கப்பூர் 3 விழுக்காடு வரை செலவிடுகிறது. கிடைக்கும் பணத்திலும் சம்பளம், எரிபொருள், பராமரிப்பு போக, புதிய கப்பலுக்கு மிஞ்சுவது குறைவு.

காவல் காக்க வேண்டிய கடலோ பெரிது. ஒரு பக்கம் மலாக்கா நீரிணை. மறுபக்கம் சரவாக்கின் எரிவாயு வயல்கள் உள்ள தென்சீனக் கடல். அங்கு சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் அடிக்கடி தென்படுகின்றன. அந்த எரிவாயு வருமானமும் சேர்ந்துதான் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணமாகிறது.

பணம் குறைவாக இருப்பதால்தான் ஒவ்வொரு வெள்ளியும் கப்பலாக வந்து சேர வேண்டும். புதியது தாமதமானால் பழையது ஓய்வு பெற முடியாது. அதன் பழுதுச் செலவு ஆண்டுக்கு ஆண்டு ஏறும். அந்தச் செலவு அடுத்த புதிய கப்பலுக்கான பணத்தைத் தின்றுவிடும்.

கேட்க வேண்டியது

பொதுக் கணக்குக் குழுவின் அறிக்கைகளும் கணக்காய்வாளர் அறிக்கைகளும் பொதுமக்கள் படிக்கக்கூடியவை. தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் தோட்டச் சாலையைப் பற்றிக் கேட்பதுபோல இதையும் கேட்கலாம். குத்தகை திறந்த டெண்டரில் விடப்பட்டதா? கட்டுவதற்கு முன் வரைபடம் முடிந்ததா? கொடுத்த பணத்துக்கு ஈடான வேலை நடந்துள்ளதா?

பெண்டேகாரில் இருந்த 39 பேரும் அன்று வீடு திரும்பினார்கள். அதே வயதுடைய மற்றக் கப்பல்களில் பணிக்குச் செல்பவர்களின் குடும்பங்களுக்கு, இந்தக் கேள்விகளின் பதில் வெறும் பட்ஜெட் கணக்கு அல்ல.