அடைத்த பலகையும் எழுதிய கணக்கும்

ஐப்பசியும் கார்த்திகையும் நம் கரையோரச் சங்கங்களுக்குச் சோதனை மாதங்கள். வடகிழக்குப் பருவமழை வயலுக்கு நீர் தருகிறது; அதே பருவத்தில்தான் வங்கக் கடலில் புயலும் உருவாகிறது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலையும், 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயலையும் கண்டவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். ஓடுகள் பறந்தன, தென்னந்தோப்புகள் சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்து பல கிராமங்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன.

புயலடித்த இரவில் நேரும் நஷ்டம் ஒன்று. திறந்து கிடக்கும் கூரை வழியாகவும் ஜன்னல் வழியாகவும் பின்வரும் நாட்களில் மழை புகுந்தும், களவு போயும் நேரும் நஷ்டம் மற்றொன்று. முன்னதை நம்மால் தடுக்க இயலாது. பின்னது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. இந்த இரண்டாவது நஷ்டத்தைத் தடுப்பது எவ்வாறு, தடுத்ததை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மெய்ப்பிப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இருவகைத் தவறுகள்

ஆய்வுக்காகச் சங்கங்களுக்குச் செல்லும்போது இரண்டு வகை நடைமுறைகளை நாம் காண்கிறோம். சில சங்கங்களில், "சர்வேயர் வந்து பார்க்கும்வரை ஒரு துரும்பையும் தொடக்கூடாது" என்று காரியதரிசி கதவைப் பூட்டிவிடுகிறார். சாலையில் மரங்கள் விழுந்து கிடக்கின்றன. சர்வேயர் வர நாட்கள் ஆகின்றன. அதற்குள் முதல் நாள் நனையாத நூலும் நனைந்து, சாயம் ஓடி, பூஞ்சணம் பிடித்துவிடுகிறது. வேறு சில சங்கங்களிலோ, சுறுசுறுப்பான நிர்வாகிகள் விடிந்தவுடன் தச்சரை அழைத்து அடைத்து, உடைசல்களை அள்ளிக் கொட்டி, தரையையும் கழுவிவிடுகிறார்கள். சர்வேயர் வரும்போது அவர் காண்பது புதிய பலகையும் சுத்தமான தரையுமே. பலகைக்குப் பின்னால் எவ்வளவு பெரிய திறப்பு இருந்தது, அதன் வழியே எவ்வளவு நீர் புகுந்தது என்பதற்குச் சான்று இல்லை.

முதற் சங்கத்தார் பொருளை இழந்தனர். இரண்டாம் சங்கத்தார் சான்றை இழந்தனர். இரண்டையும் காக்கும் வழி ஒன்றே: அடைப்பதற்கு முன் பதிவு செய்க, பதிவு செய்தவுடன் அடைக்க. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரத்திற்கு மேல் வேண்டியதில்லை.

பாலிசி என்ன சொல்கிறது?

இன்ஷூரன்ஸ் செய்தவர், இன்ஷூரன்ஸ் செய்யாதவர் தம் பொருளை எவ்வளவு அக்கறையோடு காப்பாரோ அவ்வளவு அக்கறையோடு காக்க வேண்டும் என்பது இத்துறையின் பழைய விதி. ஆகவே மேலும் நஷ்டம் நேராமல் நியாயமான அளவில் தடுப்பதற்குச் சர்வேயரின் வருகைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தடுக்காமல் விட்டால்தான், "இது புயலால் நேர்ந்ததன்று, அசட்டையால் நேர்ந்தது" என்று சொல்ல இடம் கொடுத்தவர்கள் ஆவோம்.

களவைப் பற்றியும் அறிந்துகொள்ள வேண்டும். 'ஸ்டாண்டர்டு ஃபயர் அண்டு ஸ்பெஷல் பெரில்ஸ்' என்று அச்சிட்ட பாலிசியில், புயல் வெள்ளத்தின்போதோ அதற்குப் பின்னரோ நேரும் களவு விலக்கப்பட்டிருக்கிறது. 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி முதல், மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரையுள்ள தொழில்களுக்கென வந்திருக்கும் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்னும் பாலிசியில், விபத்தின் நேர் விளைவாக 7 நாட்களுக்குள் நேரும் களவு சேர்க்கப்பட்டிருக்கிறது. எப்பாலிசியாயினும், உடைந்த ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டுக் களவுக்கு ஈடு கேட்பது வலுவான வழக்காகாது. பிரீமியம் குறையும் என்று புயல், வெள்ள அபாயத்தை நீக்கிவிட்டுப் பாலிசி எடுத்த இடங்களும் உண்டு. தம் சங்கத்துப் பாலிசி எது, அதில் புயல் அடங்குகிறதா என்பதை ஒவ்வொரு நிர்வாகக் கமிட்டியும் மழைக்கு முன்பே படித்துப் பார்ப்பது அவசியம்.

முதல் ஒரு மணி நேரம்

கட்டிடத்துள் நுழையுமுன் மின்சார மெயினை நிறுத்துக. அறுந்த கம்பி கிடந்தால் மின்வாரியத்தார் வரும்வரை அணுகலாகாது. கல்நார்த் தகட்டுக் கூரையின்மேல் ஏறி நடக்க எவரையும் விடாதீர். மழையில் ஊறிய தகடு திடீரென முறியும். நூல் போனால் நூல் வாங்கலாம்.

பிறகு படம் எடுத்தல். இக்காலத்தில் கைபேசி இல்லாத சங்கம் இல்லை. முதலில் கட்டிடத்தை நான்கு திசைகளிலிருந்தும் முழுமையாக எடுக்க வேண்டும். அடுத்து, உடைந்த ஒவ்வொரு திறப்பையும் வெளியிலிருந்து ஒன்று, உள்ளிருந்து ஒன்று எடுக்க வேண்டும். பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டால் திறப்பின் அளவு படத்திலேயே விளங்கும். மூன்றாவதாக, அத்திறப்பின் கீழ் நனைந்து கிடக்கும் சரக்கு, சுவரில் நீர் நின்ற கோடு, தறிக்குழியில் தேங்கிய நீர் ஆகியவற்றை எடுக்க வேண்டும். நனையாத சரக்கையும் எடுக்க மறக்கலாகாது. எதைக் காத்தோம் என்பதற்கு அதுவே சான்று.

எடுத்த படங்களைத் திருத்தாமல் அந்தக் கைபேசியிலேயே வைத்திருந்து, மூலப் பிரதியைக் கணினியிலோ பென் டிரைவிலோ சேர்த்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும். எடுத்த நேரத்தைக் காட்டும் உட்குறிப்பும் நீங்கிவிடும். செய்தி தெரிவிக்க அது போதும். சான்றுக்கு மூலப்படமே வேண்டும். மின்சாரம் இன்றிக் கைபேசி அணைந்துவிடுமாயின் காகிதமும் பென்சிலும் உதவும். கிடங்கின் படத்தைக் கோடுகளால் வரைந்து, திறப்புகளுக்கு எண் இட்டு, அங்கத்தினர் இருவர் தேதியுடன் கையொப்பமிட்டால் அது நல்ல ஆவணமே.

அடைக்கும் முறையும் பதியும் முறையும்

ஜன்னலுக்குப் பலகை அல்லது ப்ளைவுட், கூரைக்குத் தார்ப்பாய், பெயர்ந்த கதவுக்குத் தகரமும் குறுக்குச் சட்டமும் போதும். இது தற்காலிக வேலை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். நிரந்தரமாகப் புதுக் கதவு போடுவதும் கூரையை மாற்றுவதும் சர்வேயர் பார்வையிட்ட பின்னரே. இயன்றவரை பழைய சட்டத்தை வெட்டாமல், பின்னர் கழற்றிக் காட்டக்கூடிய விதத்தில் பலகையைப் பொருத்தச் சொல்லுங்கள். பலகையின் மேல் திறப்பின் எண்ணைச் சாக்கட்டியால் எழுதி, அடைத்த பிறகு ஒரு படம் எடுக்க வேண்டும். உடைந்த ஓடு, கீல், தாழ்ப்பாள், கண்ணாடித் துண்டு ஆகியவற்றை ஒரு மூலையில் சேர்த்து வைக்க வேண்டும். சர்வேயரோ கம்பெனியோ எழுத்தில் அனுமதிக்கும் வரை அவற்றை எறியவோ விற்கவோ கூடாது.

ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு குறிப்பு எழுதுவது நலம். மாதிரி ஒன்றைக் கீழே தருகிறோம். எண்கள் விளக்கத்திற்காக இட்டவை.

"திறப்பு எண் 3. கிழக்குச் சுவர் ஜன்னல். அகலம் 4 அடி, உயரம் 5 அடி. இரு கதவுகளும் பெயர்ந்து உள்ளே விழுந்தன. நனைந்தவை: அலமாரி 2-இல் 40-ஆம் நம்பர் நூல் 12 கட்டு, சாய நூல் 5 கட்டு. நனையாதவை: அலமாரி 1, 3 முழுவதும். அடைப்பதற்கு முன் படம் 21 முதல் 26 வரை. பின் படம் 27. வேலை காலை 9 மணிக்குத் தொடங்கி 10-30-க்கு முடிந்தது. பொருள்: ப்ளைவுட் 1, சட்டம் 4, ஆணி அரைக் கிலோ. தச்சர் 1, உதவியாள் 1. வவுச்சர் எண் 7, 8. உடனிருந்தோர் கையொப்பம்."

இக்குறிப்பில் முக்கியமான வரி "நனையாதவை" என்பது. ஒரு தச்சரின் கூலியும் ஒரு பலகையின் விலையும் கொடுத்து இரண்டு அலமாரி நூலைக் காத்தோம் என்று காட்டினால், அச்செலவு நியாயமானது என்பதை எவரும் ஏற்பர்.

செலவுக் கணக்கு

அவசர வேளையில் பணம் கையிலிருந்து போய்விடுகிறது; பின்னர் "புயல் செலவு" என்று ஒரே வரியில் கணக்கு எழுதப்படுகிறது. அதைக் கம்பெனியும் ஏற்காது, தணிக்கையிலும் ஆட்சேபணை எழும். தச்சருக்குக் கொடுத்த வவுச்சரில் வேலை, இடம், தேதி, ஆள் எண்ணிக்கை, கூலி விகிதம் ஆகியவை இருக்க வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையொப்பம் பெற வேண்டும். பலகை, தார்ப்பாய்க்குக் கடையின் பில் வேண்டும். அங்கத்தினர்கள் கூலியின்றி உழைத்திருந்தால் அவர்கள் பெயரும் நேரமும் தனியே குறிக்கப்படட்டும். கொடுக்காத கூலியைக் கொடுத்ததாக எழுதுவது நேர்மையான கோரிக்கையையும் கெடுத்துவிடும்.

இச்செலவு முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்று நாம் உறுதி கூறவில்லை. அது பாலிசியின் வாசகத்தைப் பொறுத்தது. இடிபாடு அகற்றும் செலவுக்கு, மேற்சொன்ன சூக்ஷ்ம பாலிசியில் நஷ்ட ஈட்டுத் தொகையில் 2 சதவீதம் வரை இடமுண்டு. ஆகவே அடைத்த செலவு, இடிபாடு அகற்றிய செலவு, சரக்கை உலர்த்திய செலவு ஆகியவற்றைத் தனித்தனித் தலைப்பில் எழுதுங்கள். ஒன்று மறுக்கப்பட்டாலும் மற்றவை நிற்கும்.

அறிவிப்பும் இரு எச்சரிக்கைகளும்

நஷ்டம் நேர்ந்ததை உடனே கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னாலும் எழுத்திலும் அனுப்புக. ஸ்டாண்டர்டு ஃபயர் பாலிசியில் 15 நாட்களுக்குள் விவரமான கோரிக்கையைக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. கூடுதல் நாள் வேண்டுமாயின் எழுத்து மூலம் கேட்டுப் பெறலாம். "மேலும் நஷ்டம் நேராமல் இன்று திறப்புகளை அடைக்கிறோம், படங்கள் எடுத்துள்ளோம், சர்வேயரை விரைவில் அனுப்புக" என்று முதற் கடிதத்திலேயே எழுதிவிட்டால் பின்னர் வாதம் எழாது.

முதல் எச்சரிக்கை: ஒழுகும் கிடங்கிலிருந்து சரக்கை வேறு கட்டிடத்திற்கு மாற்றுவது இயல்பே. ஆனால் ஸ்டாண்டர்டு ஃபயர் பாலிசி, அதிற் குறித்த இடத்திலுள்ள சரக்கையே காக்கிறது. மாற்றிய அன்றே புதிய இடத்தின் விவரத்தைக் கம்பெனிக்கு எழுதி, பாலிசியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது: அதே பாலிசியில், கட்டிடம் தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால், கம்பெனியின் முன் இசைவு பெற்றிருந்தாலன்றிக் காப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை இருக்கிறது. பலகை அடித்துப் பூட்டிவிட்டு மறந்துபோகும் தறிக்கூடங்களுக்கு இது பெரும் ஆபத்து.

பயிர் செய்யும் அங்கத்தினர்கள் ஒன்றை வேறாக நினைவிற் கொள்ள வேண்டும். கிடங்கிலுள்ள நெல்லும் உரமும் சங்கத்தின் பாலிசியைச் சேர்ந்தவை. அறுத்து வயலில் காயப் போட்ட கதிருக்குப் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவடையிலிருந்து 14 நாட்கள் வரை புயல் மழைக்குக் காப்பு உண்டு. அத்திட்டத்திற் சேர்ந்தவர் 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். அங்கும் அள்ளி மேட்டில் சேர்க்குமுன் ஒரு படம் எடுப்பதே முறை.

மழைக்கு முன் ஒரு தீர்மானம்

புயல் வந்த பின் கூடி யோசிக்க நேரமிராது. புரட்டாசிக்குள் ஒவ்வொரு நிர்வாகக் கமிட்டியும் ஒரு தீர்மானம் நிறைவேற்றி வைக்கட்டும்: அவசர அடைப்புக்காகக் காரியதரிசி இன்ன தொகை வரை செலவிடலாம், அதை அடுத்த கூட்டத்தில் ஒப்புதலுக்கு வைக்க வேண்டும் என்று. இரண்டு தார்ப்பாய், நான்கைந்து ப்ளைவுட், ஆணி, அளவு நாடா ஆகியவை கிடங்கில் இருக்கட்டும். பாலிசியின் நகலும் இருப்புப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தின் படமும் கட்டிடத்திற்கு வெளியே ஒருவரிடம் இருக்கட்டும். பதிவேடே நனைந்து போன பின், என்ன இருந்தது என்று எவரிடம் கேட்பது?

சங்கத்தின் கிடங்கில் இருப்பது தனியொருவர் சொத்தன்று. பாவு வாங்கக் காத்திருக்கும் நெசவாளியின் அடுத்த வாரக் கூலியும், விதை வாங்கக் காத்திருக்கும் உழவரின் அடுத்த போகமும் அதனுள்ளே இருக்கின்றன. பத்துப் பலகையும் பத்துப் பக்கக் குறிப்பும் அவற்றைக் காக்குமாயின் அவ்வுழைப்பு வீணாகாது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனைச் சேர்க்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.