மலைத்தோட்ட ஜீப்: மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு 70. தார்ச்சாலை வரைக்கும் எந்த வண்டியும் ஏறிவிடும். அங்கிருந்து பிரிந்து ஏலக்காய், மிளகு, காபித் தோட்டங்களுக்குப் போகும் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர் மண் பாதைதான் சோதனை. மழைக்காலத்தில் சேறு, வெயில் காலத்தில் உருளும் சரளைக்கல். அதே பாதையில்தான் உரமூட்டையும் போகிறது, வேலைக்கு வரும் பெண்களும் போகிறார்கள்.

இந்தத் தடத்துக்கு நெடுங்காலம் கிளட்ச் மிதித்து ஓட்டும் ஜீப்தான் இருந்தது. 2020-ல் வந்த புதிய தார், 2023-ல் வந்த ஜிம்னி ஆகிய இரண்டும் மேனுவல், ஆட்டோமேட்டிக் என இரு வகையிலும் கிடைக்கின்றன. இதனால் பழைய ஜீப்பை மாற்ற நினைக்கும் குடும்பங்களில் எதை வாங்குவது என்ற குழப்பம் வந்திருக்கிறது.

என்ன வித்தியாசம்?

மேனுவல் வண்டியில் என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைப்பதும் பிரிப்பதும் கிளட்ச் பிளேட். ஜீப் வகைகளில் வரும் ஆட்டோமேட்டிக்கில் அந்த வேலையை 'டார்க் கன்வெர்ட்டர்' என்ற அமைப்பு ஆயில் வழியாகச் செய்கிறது. சிறிய கார்களில் வரும் 'ஏ.எம்.டி.' வேறு. அது கிளட்ச் பிளேட் உள்ள சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதும் கியர் மாற்றுவதும் மட்டும் இயந்திரம். செங்குத்தான மண் ஏற்றத்தில் ஊர்ந்து போகும்போது அந்தப் பிளேட் சூடாகித் தேயும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்கக் கூடாது.

எந்த வகையானாலும் மலைக்கு முக்கியம், ஃபோர் வீல் டிரைவில் உள்ள 'லோ' கியர். அதைப் போட்டால் வேகம் பாதிக்கும் கீழே குறையும். சக்கரத்துக்குப் போகும் இழுவிசை ஏறக்குறைய 2 முதல் 2.5 மடங்காகும். லோ கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்கை விட, லோ கியர் உள்ள மேனுவல் மலைக்கு மேல்.

ஏற்றத்தில்

ஏற்றத்தில் ஆட்டோமேட்டிக் எளிது. பாதி ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தாலும் என்ஜின் அணையாது. ஆஃப் கிளட்ச் பிடிக்கும் வேலை இல்லை. ஆனால், நீண்ட நேரம் சுமையோடு ஊர்ந்தால் கியர்பாக்ஸ் ஆயில் சூடாகும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால், சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் என்ஜினை ஓடவிட்டு ஆறவைக்க வேண்டும்.

மேனுவலில் ஏறத் தொடங்கும் முன்பே சரியான கியரைப் போட்டுவிட வேண்டும். நடு ஏற்றத்தில் கியர் மாற்றினால் வேகம் செத்துவிடும். என்ஜின் அணைந்துவிட்டால், பிரேக்கை இறுக மிதிக்காமல் கிளட்சை மட்டும் மிதிப்பது ஆபத்து. வண்டி பின்னோக்கி ஓடிவிடும். பிரேக்கைப் பிடித்து, ரிவர்ஸ் கியர் போட்டு, நேராகப் பின்னால் இறங்கி மறுபடி ஏற வேண்டும்.

உயிர் இருப்பது இறக்கத்தில்

வண்டி கிளம்ப மறுத்தால் ஒரு நாள் வேலைதான் கெடும். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனால் ஆட்கள் போய்விடுவார்கள். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். வண்டியை என்ஜின் பிடித்து இழுக்க வேண்டும்; பிரேக் துணைக்குத்தான்.

இதில் மேனுவலுக்குப் பலம் அதிகம். லோவில் முதல் கியர் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டால், வண்டி நடை வேகத்தில் இறங்கும். ஆட்டோமேட்டிக்கிலும் இது முடியும். ஆனால், 'டி'யில் விட்டால் வண்டி தானாக மேல் கியருக்குப் போய் வேகம் எடுக்கும். லோவைப் போட்டு, 'எல்' அல்லது கையால் கியர் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு மாற்றி, முதல் கியரில் நிறுத்திக்கொள்ள வேண்டும். தோட்டத்து டிரைவருக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பது அவசியம். எந்த வண்டியிலும் நியூட்ரலில் இறக்கவே கூடாது. பதிவுச் சான்றில் உள்ள இருக்கைகளுக்கு மேல் ஆள் ஏற்றவும் கூடாது.

வழியில் நின்றுவிட்டால்

பேட்டரி இறங்கினால் மேனுவலைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். எலக்ட்ரானிக் வண்டிகளுக்கு அப்போதும் பேட்டரியில் கொஞ்சமாவது சக்தி இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. ஜம்பர் கேபிள் வண்டியிலேயே இருக்கட்டும். என்ஜின் ஓடாதபோது ஆட்டோமேட்டிக்கின் ஆயில் பம்பும் ஓடாது. எனவே, கயிறு கட்டி இழுக்கும் முன் கையேட்டில் சொன்ன முறையைப் பார்ப்பது நல்லது; தவறாக இழுத்தால் கியர்பாக்ஸே கெடும்.

ஓடையைக் கடக்கும்போது மேனுவலில் நடுவில் கிளட்சை மிதிக்கக் கூடாது. பிளேட்டுக்கு இடையே தண்ணீர் புகுந்து வழுக்கும். ஆட்டோமேட்டிக்கில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால், கியர்பாக்ஸ் ஆயில் பால் கலந்த டீ போலத் தெரிந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். உடனே மாற்ற வேண்டும்.

செலவு

ஆட்டோமேட்டிக்கின் விலை கூடுதல். மேனுவலுக்கு கிளட்ச் தேயும் செலவு அவ்வப்போது வரும். பக்கத்து ஊர் மெக்கானிக்கே மாற்றிவிடுவார். ஆட்டோமேட்டிக்குக்கு அடிக்கடி செலவு இல்லை. ஆனால், கியர்பாக்ஸ் பழுதானால் பெரிய நகரத்துக்குத்தான் போக வேண்டும், தொகையும் பெரிது. பறிப்புக் காலத்தில் வண்டி ஒர்க் ஷாப்பில் நிற்கும் நாட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

யாருக்கு எது?

* தினமும் சுமை, பல டிரைவர்கள், பக்கத்தில் சர்வீஸ் வசதி இல்லை: மேனுவல்.
* முழங்கால் வலி உள்ளவர், புதிதாக மலையில் ஓட்டப் பழகுபவர், சொந்த உபயோகம், எட்டும் தூரத்தில் சர்வீஸ் சென்டர்: ஆட்டோமேட்டிக்.
* தோட்டம் வரை நல்ல சாலை உள்ளவர்: ஃபோர் வீல் டிரைவே தேவையில்லை, மிச்சமாகும் பணத்தில் சொட்டுநீர் போடலாம்.

பழைய வண்டி வாங்குவோர்

மேனுவலை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். என்ஜின் சத்தம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. ஆட்டோமேட்டிக்கில் 'டி', 'ஆர்' போட்டதும் தாமதமாகவோ உதறியோ பிடித்தால், அல்லது ஆயில் கறுத்துக் கருகல் வாடை வந்தால், வாங்காமல் விடுவதே லாபம். இரு வகையிலும் லோ கியர் விழுகிறதா என்று மண் தரையில் ஓட்டிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.